டோலிக்கு ஒரு வேண்டுதல்

உங்கள் காலிலுள்ள அந்த மாவுக்கட்டைக் காட்டி என்னோடு உறவு கொண்டாடாதீர்கள். சில வாரங்களில் அதைப் பிரித்துவிடுவார்கள். பிறகு நீங்கள் கணவரோடும் குழந்தைகளோடும் இதே குன்றில் குதித்து ஏறுவீர்கள். "நானும் உங்கள மாதிரிதான் மேடம், மேல போக முடியாம உக்காந்திருக்கேன்" என்றீர்களே, அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டீர்களா? நல்லது. இனி இந்த வேப்பமரத்தடியில் நாம் சேர்ந்து உட்கார்ந்திருக்கலாம்.

இந்த டப்பாவில் புளியோதரை இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு கூடுதலாக இருக்கும்; என் அண்ணி செய்தது. இறந்துபோன என் அண்ணனின் மனைவி. பெயர் மங்கையர்க்கரசி. அவர்தான் மேலே போயிருக்கிறார். உங்களுக்குப் பார்வை நன்றாகத் தெரியுமல்லவா? அப்படியானால் பேச்சின் நடுவே அவ்வப்போது அந்தப் பாறைச் சரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை நிறச் சேலை. "இந்த வயதில் இந்த நிறம் தேவையா?" என்று காலையில்தான் கேட்டேன்.

கவலையா? எனக்கென்ன கவலை? கார்ச் சாவி அவரிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

என் பெயர் அங்கவை. தமிழாசிரியருக்கு மகளாகப் பிறந்தால் இப்படித்தான் பெயர் வாய்க்கும். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. முதலில் இரும்புக் காலணி, பிறகு ஊன்றுகோல், பிறகு இந்தச் சக்கர நாற்காலி. பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றிருக்கிறேன். மேலே இருக்கிறதே சமணர் குகை, அதன் கூரை ஓவியத்தைத்தான் ஆண்டுதோறும் முதல் வகுப்பில் திரையில் காட்டிப் பாடம் தொடங்குவேன். அதைப் பற்றி ஒரு நூலும் எழுதியிருக்கிறேன். நேரில் பார்த்தது கிடையாது. இன்று காலை வரை கிடையாது.

நீங்கள் வரும்போது அந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தீர்களா? "மாற்றுத்திறனாளிகளை அன்புடன் வரவேற்கிறோம்." கீழே நீல நிறத்தில் ஒரு நாற்காலிப் படம். அதை நம்பித்தான் வந்தேன். சாய்தளமும் கட்டியிருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. எங்கே போகிறது தெரியுமா? அதோ, அந்த ஃபிளெக்ஸ் பலகை வரைக்கும் போகிறது. அங்கே முடிகிறது. கூரை ஓவியத்தைப் பெரிதாக அச்சிட்டு, "மேலே செல்ல இயலாதவர்கள் இங்கே கண்டு மகிழலாம்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கென்று கட்டிய கழிப்பறையும் அதன் பின்னால்தான் இருக்கிறது. பூட்டு. சன்னல் வழியே எட்டிப் பார்த்த அண்ணி, உள்ளே துடைப்பமும் சிமெண்ட் மூட்டையும் இருப்பதாகச் சொன்னார். சிமெண்ட் மூட்டைகளுக்கு எத்தனை வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள், பாருங்கள்.

சாய்தளத்தின் முடிவில் ஓர் இளைஞன் நின்றான். கழுத்தில் அடையாள அட்டை. சுற்றுலா அலுவலராம். "மேடம், ஒரிஜினலைவிட இதுதான் கிளியரா இருக்கும். மேல ரொம்ப மங்கிப்போச்சு" என்றான்.

"தம்பிக்குத் திருமணம் ஆகிவிட்டதா?"

"ஆகிடுச்சு மேடம்."

"மனைவியை நேரில் பார்ப்பதுண்டா, ஃபோட்டோவே கிளியராக இருக்கிறதா?"

சிரித்தான். அவமானம்கூட உறைக்காத தலைமுறை. "மேடம், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றான். என் நல்லதுக்காகச் சொல்லப்பட்ட வாக்கியங்களைத் தொகுத்தால் ஒரு நூலகமே அமைக்கலாம். என் நல்லதுக்காகத்தான் என்னைக் கல்லூரிச் சுற்றுலாக்களில் பேருந்திலேயே உட்கார வைத்தார்கள். என் நல்லதுக்காகத்தான் கருத்தரங்குகளில் மேடைக்குக் கீழே தனி மேசை போட்டார்கள். நான் சட்டம் பேசினேன். பிரிவு எண்களோடு பேசினேன். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அவன் மட்டும் கேட்டபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் ஜீப்பில் ஏறிப் போய்விட்டான்.

இந்த நேரமெல்லாம் அண்ணி என்ன செய்தார்? ஒரு சொல் பேசினாரா? இல்லை. அவர் இயல்பு அது. நான் போர் தொடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் எங்காவது போய்த் தேநீர் குடிப்பார். திரும்பிப் பார்த்தால் அதோ, அந்தத் தேநீர்க்கடையில் நின்று நான்கு ஆண்களோடு பேசிக்கொண்டிருந்தார். பிறகு அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் கையில் ஒரு டோலி.

நீங்கள் அந்த டோலியைப் பார்க்க வேண்டும். ஒரு பழைய பிரம்பு நாற்காலி, இரண்டு பக்கமும் மூங்கில். கைப்பிடியெல்லாம் மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கிடந்தது. குன்றின் உச்சியில் சிலம்பாயி என்று ஓர் அம்மன் இருக்கிறாளாம். டோலி அவளுக்குச் சொந்தமாம். வாடகைக்கு வராது. கூலி கொடுத்தாலும் வராது. வேண்டுதல் உள்ளவர்களுக்கு மட்டும்தான் தூக்குவார்களாம். அந்த வேண்டுதலையும் தூக்குவதற்கு முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். தோளில் என்ன பாரத்தைச் சுமக்கிறோம் என்று சுமப்பவனுக்குத் தெரிய வேண்டுமென்று வழக்கமாம்.

நான் கடவுள் மறுப்பாளர். அதை என் மாணவர்கள் அனைவரும் அறிவார்கள், அண்ணியும் அறிவார். "எனக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது" என்றேன்.

அந்த நால்வரில் மூத்தவர் பெயர் சோலைராசு. அவர் டோலியைக் கீழே வைத்துவிட்டார். "வேண்டுதல் இல்லேன்னா தூக்க முடியாதுங்கம்மா. ஆத்தா சாமானை சும்மா தொடக்கூடாது."

அண்ணி குறுக்கே வந்தார். "அவ பேச்சை விடுங்க. வேண்டுதல் என்னோடது. அவளுக்காக நான் வேண்டிக்கிட்டது."

"என்னன்னு சொல்லுங்கம்மா."

அண்ணி உச்சியைப் பார்த்துக் கும்பிட்டார். "எங்க அங்கவைக்குக் கோவம் தணியணும், ஆத்தா."

சிரிக்காதீர்கள். அவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள். வாய்க்குள்ளேயே சிரித்தார்கள், எனக்குத் தெரியாதென்று. கால் நடக்க வேண்டுமென்று வேண்டியிருந்தால்கூட அறியாமை என்று மன்னித்திருப்பேன். கோபமாம்! நாட்டிலுள்ள எல்லாப் படிக்கட்டுகளும் அப்படியே இருக்கட்டும். என் கோபம் மட்டும் தணிந்துவிட வேண்டும்.

ஆனாலும் ஏறி உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்கிறீர்கள். நாளை மறுநாள் குகையை மூடுகிறார்கள். ஓவியத்தைப் பாதுகாக்க ஏதோ பூசப் போகிறார்களாம். எப்போது திறப்பார்கள் என்று அந்த அடையாள அட்டைக்குத் தெரியவில்லை. எனக்கு அறுபத்து நான்கு வயது. நான் காத்திருக்க முடியும், என் நுரையீரல் காத்திருக்காது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆக, கொள்கையா ஓவியமா என்றால், இன்று ஒரு நாளைக்கு ஓவியம்.

அண்ணி வரவில்லை. அதைக் கவனியுங்கள். இந்த நாற்காலி வெளிநாட்டுத் தயாரிப்பு. முன்பொரு முறை ஒரு கோட்டை வாசலில் இதை விட்டுவிட்டு, அண்ணி என்னைத் தாங்கிக்கொண்டு ஒதுங்கியபோது பள்ளிப் பிள்ளைகள் இதில் ஒருவரையொருவர் வைத்துத் தள்ளி விளையாடினார்கள். அதனால் இதற்குக் காவலாக, வெயிலில், இந்தக் காலி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றுவிட்டார். "நீ போயிட்டு வா" என்றார். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை தலைக்கு மேலே இருக்கிறது. அவருக்கு நாற்காலிதான் பெரிது!

எப்போதும் இப்படித்தான். செஞ்சி, திருமயம், நாமக்கல் என்று நாங்கள் போகாத மலைக்கோட்டை இல்லை. எல்லா இடத்திலும் நான் அடிவாரத்தில் உட்கார்ந்து மேலே பார்த்துக் குறிப்பெடுப்பேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்குவார். ஒரு முறையாவது "நான் போய் எட்டிப் பார்த்துட்டு வரட்டுமா?" என்று கேட்டதுண்டா? கிடையாது. கலை ஆர்வம் என்பது சிலருக்கு வருவதில்லை. என் அண்ணன் இறந்த பிறகு நாற்பத்தைந்து வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார், அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எதற்கென்று தெரியவில்லை. தனக்கென்று எங்கேயும் போனதில்லை. ஓட்டுவதும் மாட்டுவண்டி வேகத்தில்தான்.

பாருங்கள், மஞ்சளாக ஏதாவது தெரிகிறதா? அதுவா? அது யாரோ பள்ளிக்கூடப் பிள்ளையின் தொப்பி.

சொல்லிக்கொண்டு வந்தேன் அல்லவா, குகை உச்சிக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. "நிறுத்துங்கள், நிறுத்துங்கள்" என்கிறேன். ஒருவரும் நிற்கவில்லை. "வேண்டுதலை முடிச்சுட்டுத்தாம்மா மத்ததெல்லாம்" என்று என்னை நேரே சிலம்பாயி முன்னால் கொண்டுபோய் இறக்கினார்கள். ஒரு பாறை, அதற்கொரு சேலை, இரண்டு வெள்ளிக் கண். பொங்கல் வைக்க வந்த பெண்கள் ஒரு கூட்டம். பூசாரி கேட்டார், "என்ன வேண்டுதல்?" சோலைராசு குன்று முழுவதும் கேட்கும்படி சொன்னார், "இந்த அம்மாவுக்குக் கோவம் தணியணுமாம், சாமி!"

குலவை போட்டார்கள், அம்மா. முன்பின் தெரியாத இருபது முப்பது பெண்கள் என்னைச் சுற்றி நின்று, என் கோபம் தணிய வேண்டுமென்று குலவை போட்டார்கள். ஒருத்தி என் கன்னத்தைத் தடவி, "பாவம், என்ன கஷ்டமோ" என்றாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். "ஆத்தா இன்னும் எறங்கல போலருக்கு" என்று மறுபடியும் குலவை போட்டார்கள். பூசாரி என் நெற்றியில் திருநீற்றை அறைந்தார். இதோ, இன்னும் கண்ணில் உறுத்துகிறது. இப்போது என்னைப் பாருங்கள். கோபம் தணிந்திருக்கிறதா? இல்லையல்லவா? ஆக, அம்மன் இல்லை என்பது இன்று முற்பகல் சோதனை முறையில் நிறுவப்பட்டுவிட்டது.

அதன் பிறகுதான் குகை. வாசல் தாழ்ந்தது, டோலி நுழையாது. சோலைராசு என்னிடம், "தூக்கலாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தூக்கினார். உள்ளே உட்கார வைக்க இடமில்லை. தரை முழுவதும் சமணப் படுக்கைகள். பாறையிலேயே வெட்டி, வழவழப்பாகத் தேய்த்து, தலைமாட்டில் தலையணை போல ஒரு மேடு விட்டிருப்பார்கள். காவலாளி தவமணி என்று ஒருவர் ஓடி வந்தார். "ஐயையோ, படுக்கையில யாரும் உக்காரக் கூடாது. ரூல்ஸ் இருக்கு."

"உட்காரப் போவதில்லை. படுக்கப் போகிறேன்" என்றேன். "எதற்காக வெட்டினார்களோ அதற்காக."

படுத்தேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. பிறகு கண்ணைத் திறந்தேன்.

அதை உங்களிடம் வருணிக்கப் போவதில்லை. வருணனை என் தொழிலாக இருந்தது, ஓய்வு பெற்றுவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த ஃபிளெக்ஸ் பலகையில் நீர்க்கோழிகள் இருக்கின்றனவே, தாமரை இலைகளுக்கு நடுவில், வால் நம் பக்கமாக? எல்லாப் புத்தகங்களிலும் அப்படித்தான். வாசலில் நின்று, கழுத்தை ஒடித்து, கேமராவை உயர்த்தி எடுத்த படங்கள். தலைகீழ்! படுத்துப் பார்த்தால் அத்தனை பறவைகளும் தலையணையை நோக்கி நீந்தி வருகின்றன. படுத்திருப்பவனைப் பார்த்து வருகின்றன. பட்டினி கிடந்து உயிர் விட வந்த துறவி கடைசியாக எதைப் பார்க்க வேண்டுமென்று யோசித்து ஒருவன் வரைந்திருக்கிறான். நிற்பவர்களுக்காக அது வரையப்படவே இல்லை. நிற்கத் தெரிந்த அத்தனை முட்டாள்களும் இத்தனை காலம் அதைத் தவறாகப் பார்த்திருக்கிறார்கள்.

என் நூலிலா? அதிலும் தலைகீழாகத்தான் இருக்கிறது. அது அச்சகத்தாரின் தவறு.

எவ்வளவு நேரம் படுத்திருந்தேன் என்று தெரியாது. இறக்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணி இதே இடத்தில், கைப்பிடியை விடாமல் நின்றிருந்தார். மரத்தின் நிழல் நகர்ந்துபோய், அவர் வெயிலில் நின்றிருந்தார். நாற்காலியை மட்டும் நிழலில் தள்ளி வைத்திருந்தார். உட்காரும் இடம் சூடாகிவிடுமாம். என்னை இதில் மாற்றி உட்கார வைத்ததும், திருநீற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார், "எப்படி இருந்துச்சு, அங்கவை?"

"உங்களிடம் சொன்னால் என்ன புரியும்? அது படுத்துப் பார்க்க வேண்டியது" என்றேன்.

உண்மையைத்தானே சொன்னேன்? எதற்கு அப்படிப் பார்க்கிறீர்கள்?

அவர் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டார். டப்பாவையும் தண்ணீரையும் மடியில் வைத்தார். "இந்தா வந்துடுறேன்" என்றார். கழிப்பறை தேடிப் போகிறார் என்று நினைத்தேன். பார்த்தால், அந்தச் சேலை பாறைப் படிக்கட்டில் போய்க்கொண்டிருக்கிறது. கம்பியைப் பிடித்துப் பிடித்து, ஒரு படிக்கு ஒரு முறை நின்று நின்று. "அண்ணி!" என்று கத்தினேன். திரும்பவில்லை. அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. படியே ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வீட்டில் மொட்டைமாடிக்குக்கூடப் போவதில்லை. என்னை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கித் தேய்ந்தது என்று என் அண்ணன் மகள் ஃபோனில் குத்திக்காட்டுவாள். யாருக்குத்தான் மூட்டு தேயவில்லை?

அது அப்போது. இப்போது பாருங்கள், வெயில் சாய்ந்துவிட்டது. நீங்கள் வந்தே வெகுநேரம் ஆகிறது. ஏறுவது ஒன்றும் பெரிதில்லை. தேய்ந்த முழங்காலுக்கு இறங்குவதுதான் கொடுமை. இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியுமா? யோசிக்காமல் காரியம் செய்கிற மனுஷி. அந்தப் பாறையில் கால் வழுக்கினால் யார் பார்ப்பார்கள்? நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? கத்தலாம். வேறென்ன? இப்படிக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு... சரி, விடுங்கள்.

அதோ தவமணி வருகிறார். கையில் சாவிக்கொத்து. தவமணி! இங்கே வாருங்கள்!

"மறுபடி மேல போய்ப் பூட்டணும் மேடம். எல்லாரையும் எறக்கிவிட்டாச்சு. ஒரே ஒரு அம்மாதான்..."

"மஞ்சள் சேலையா?"

"ஆமா மேடம். உங்க கூட வந்தவங்களா? நல்லா இருக்கீங்க ரெண்டு பேரும்! உங்கள மாதிரியே போய்ப் படுத்துட்டாங்க. எந்திரிங்கம்மான்னா எந்திரிக்க மாட்டேங்கிறாங்க. 'இத்தன வருசமா கீழயே உக்காந்திருந்தேன், கொஞ்ச நேரம் படுத்துக்கிறேனே'ங்கிறாங்க. கண்ணுல தண்ணி வேற. கால் வலியான்னு கேட்டேன். இல்லையாம், கோழியெல்லாம் அவங்களப் பாத்து வருதாம்."

உட்கார்ந்திருந்தாராமே! கேட்டீர்களா? உட்கார்ந்திருந்தது நான் அல்லவா?

...

தவமணி, பூட்டாதீர்கள். ரூல்ஸா? உங்கள் ரூல்ஸ் புத்தகத்தில் சாய்தளத்தை ஃபிளெக்ஸ் பலகைக்குக் கட்டச் சொல்லி எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அவர் தானாக எழுந்திருக்கும் வரை அவரைத் தொடக் கூடாது. தொட்டால் உங்கள் மேலதிகாரிக்கும், அவருடைய மேலதிகாரிக்கும் எழுதுவேன். எனக்கு வேறு வேலையே கிடையாது. அதை நினைவில் வையுங்கள்.

அம்மா, உங்கள் நல்ல காலால் அந்தச் சக்கரப் பூட்டைக் கொஞ்சம் தட்டிவிடுங்கள். அப்படித்தான். என்னைத் தேநீர்க்கடைப் பக்கம் திருப்புங்கள். சோலைராசு! ஐயா, சோலைராசு! டோலியை எடுத்துக்கொண்டு நால்வரும் மறுபடியும் மேலே போக வேண்டும்.

"யாருக்கும்மா?"

என் அண்ணிக்கு. இறங்க முடியாது அவரால்.

"ஆத்தா சாமானும்மா. வேண்டுதல் இருக்கா?"

இருக்கிறது.

"உங்களுக்குத்தான் வேண்டுதலே கெடையாதுன்னீங்களே. காலையில வச்சது என்னாச்சு, கோவம் தணிஞ்சிருச்சா?"

இல்லை. தணியவில்லை. தணியவும் தணியாது. இது வேறு.

"அப்ப வாய்விட்டுச் சொல்லுங்கம்மா. சொன்னாத்தான் தூக்குவோம்."

நீங்கள் இந்தப் பக்கம் பார்க்காதீர்கள், அம்மா. உங்கள் கட்டைப் பாருங்கள்.

சிலம்பாயி. என் அண்ணி பத்திரமாகக் கீழே வந்து சேர வேண்டும்.

ஆ... அவ்வளவுதான். போதுமா? அப்படியானால் நிற்காமல் புறப்படுங்கள். அவசரப்படுத்தாதீர்கள் அவரை. வாசலில் காத்திருந்து, அவர் எழுந்த பிறகு, "தூக்கலாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தூக்குங்கள்.

அந்த டப்பாவை மூடுங்கள், அம்மா. நீங்கள் சாப்பிட்டது போதும். மீதி அண்ணிக்கு.